நாற்காலி கொடுத்த குழுவும் கேள்வி கொடுத்த குழுவும்

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் இருக்கும் சேத்தியாத்தோப்பு, பாடநூலில் வரும் அறிவியலில் பாதியைத் தன்னைச் சுற்றியே வைத்திருக்கும் ஊர். ஆற்றின் குறுக்கே ஆங்கிலேயர் காலத்து அணைக்கட்டு. தெற்கே சோழர் வெட்டிய வீராணம் ஏரி. வடக்கே இருபது கிலோமீட்டர் அளவில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும். பக்கத்தில் எம்.ஆர்.கிருஷ்ணமூர்த்தி கூட்டுறவு சர்க்கரை ஆலை. 2004 முதல் வீராணத்து நீரைச் சென்னைக்கு அனுப்பும் குழாய்த் திட்டத்தின் நீரேற்று நிலையமும் இங்கேதான். கிழக்கே சற்றுத் தள்ளிச் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகம் 1929 முதல் நடக்கிறது. இத்தனையும் கண்ணெதிரே இருக்கும் வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளில், பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய் இவற்றைப் பார்க்கவும் கேட்கவும் வைப்பது யார் வேலை? பாடத்திட்டம் அதைச் சொல்லலாம், அதிகாரி சுற்றறிக்கை அனுப்பலாம். ஆனால் தமிழ்நாட்டின் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளைப் புரட்டினால், அறிவியல் கல்விக்குத் தலைமை என்று சொல்லத்தக்க ஒன்று பதவிகளிலிருந்து வந்ததைவிடச் சம்பளம் வாங்காத குழுக்களிலிருந்தே அதிகம் வந்திருக்கிறது. அந்தக் குழுக்கள் எல்லாம் நிலைத்துவிடவில்லை. ஆசிரியரின் கையில் ஆண்டுதோறும் திரும்பி வரும் ஒரு வேலையைக் கொடுத்தவை நிலைத்தன. பொருளை மட்டும் கொடுத்தவையும், ஒரே மூச்சில் பேரலையாக எழுந்தவையும் கரைந்தன. இதுதான் இக்கட்டுரையின் வாதம்.

தன்னார்வக் குழுக்களின் கதையை 1916ல் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் தொடங்கிய அறிவியல் கலைச்சொல் சங்கத்திலிருந்து தொடங்குவது வழக்கம். 1946ல் தி.சு.அவினாசிலிங்கம் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகமும், பெரியசாமித் தூரன் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்த கலைக்களஞ்சியமும் அந்த வரிசையில் வரும். அவை பெரிய காரியங்கள். ஆனால் அவை படித்தவர் படித்தவருக்குச் செய்தவை. கிராமத்துப் பள்ளியின் வாசலை மிதித்த முதல் பெரிய ஊர்க்குழு முயற்சி என்று நான் கருதுவது 1958ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தைத்தான். காமராஜர் முதலமைச்சர், நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநர். செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் முதல் மாநாடு கூடியது. ஊர்ப் பெரியவர்கள், வணிகர்கள், பழைய மாணவர்கள் கூடிப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். நாற்காலி, மேசை, கரும்பலகை, சுற்றுச்சுவர், அறிவியல் கருவிகள் என்று ஊரே சுமந்து வந்து கொடுத்தது. அதற்குச் சற்று முன் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திலும் செலவின் ஒரு பகுதியை ஊரே ஏற்றிருந்தது. பள்ளி என்பது சர்க்காருடையது, நமக்கென்ன என்றிருந்த மனநிலையை அந்த ஆண்டுகள் அசைத்தன. அதை எவ்வளவு சொன்னாலும் தகும். எனினும் குறையையும் சொல்ல வேண்டும். கொடுத்தவர்கள் பொருளைக் கொடுத்தார்கள், பெற்றுக்கொண்டது பள்ளி. கண்ணாடிக் குடுவையும் தராசும் அலமாரிக்குள் போன பிறகு அதை வைத்து என்ன செய்வது என்பதில் அந்தக் குழுவுக்கு வேலையில்லை. ஆசிரியர் மேடையில் நன்றி சொன்னார், அதோடு அவர் பங்கு முடிந்தது. சில ஆண்டுகளில் ஆட்சியும் அதிகாரியும் மாறியபோது மாநாடுகளும் ஓய்ந்தன.

அடுத்த திருப்பம் 1980ல் வந்தது. சென்னையில் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் இருந்த அறிவியலாளர்களும் பேராசிரியர்களும் சேர்ந்து தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைத் தொடங்கினார்கள். முன்மாதிரி கேரளத்தில் இருந்தது. அங்கே 1962ல் கோழிக்கோட்டில் அறிவியல் எழுத்தாளர்களின் சிறு கூட்டமாகத் தொடங்கிய சாஸ்திர சாகித்ய பரிஷத், அதற்குள் ஊர் ஊராகக் கிளை பரப்பி, அமைதிப் பள்ளத்தாக்கு அணைக்கு எதிரான விவாதத்தில் அறிவியலை நாலு பேர் நடமாடும் தெருவுக்குக் கொண்டுவந்திருந்தது. தமிழ்நாட்டில் அந்த வேகம் உடனே வரவில்லை. 1984 டிசம்பரில் போபால் நச்சுவாயு விபத்து நடந்தது. அறிவியல் தொழிற்சாலைக்குள் பூட்டிக்கிடந்தால் ஊர் என்ன விலை கொடுக்கும் என்று நாடே பார்த்தது. 1987 அக்டோபர் 2ல் நாட்டின் ஐந்து மூலைகளிலிருந்து கலைக்குழுக்கள் புறப்பட்டு நவம்பர் 7ல் அதே போபாலில் கூடிய மக்கள் அறிவியல் பயணம் நடந்தது. பாட்டும் வீதி நாடகமும் எளிய பரிசோதனைகளும் போன இடத்திலெல்லாம், வரவேற்பதற்கென்றே உள்ளூரில் ஒரு குழு அமைக்க வேண்டியிருந்தது. பயணம் போய்விட்டது, குழு நின்றது. அந்தக் குழுவில் இருந்தவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர், அடுத்து வங்கி, காப்பீடு, தொலைபேசித் துறை ஊழியர். அதே 1987ல் சிறுவர்களுக்கான ‘துளிர்’ மாத இதழும் தொடங்கியது. சென்னைப் பேராசிரியர்களின் அமைப்பாக இருந்தது மாவட்ட ஆசிரியர்களின் அமைப்பாக மாறியது இந்த ஆண்டுகளில்தான். தலைமை என்பது அறிவின் உச்சியிலிருந்து கீழே இறங்குவது என்ற எண்ணம் அங்கே உடைந்தது. இயற்பியல் தெரிந்தவர் சென்னையில் இருந்தார், கூட்டம் கூட்டத் தெரிந்தவர் ஒன்றியத்தில் இருந்தார். இருவரில் ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒன்றும் ஆகாது என்பது விரைவில் தெரிந்துவிட்டது.

பிறகு அறிவொளி இயக்கம். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதும், அந்த முறை தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் வந்தது. மாவட்ட ஆட்சியர் தலைவர், தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர் என்ற புதுமையான இரட்டை அமைப்பு. புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது எழுத்தோடு சைக்கிளும் பெண்கள் கைக்கு வந்த கதை உலகம் அறிந்தது. இரவில் விளக்கு வைத்துப் பாடம் சொன்ன இளைஞர்களில் பெரும்பான்மை பெண்கள். ஆனால் அறிவொளியை ஆதரித்து எழுதுகிறவர்கள்கூட ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். அலை வடிந்தபின், படித்தவர் பலர் மறந்தார்கள், தொடர்கல்வி மையங்கள் பெயரளவில் நின்றன. காரணம் தன்னார்வலரின் சோர்வு என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. ஓராண்டில் ஒரு மாவட்டத்தை முடித்துவிட வேண்டும் என்ற வேகத்தில் கட்டிய அமைப்புக்கு, இரண்டாம் ஆண்டில் செய்வதற்கு உரிய வேலை இல்லை. நிதி ஒரு திட்டத்துக்கு, ஆட்சியர் ஒரு தவணைக்கு. தொண்டர் மட்டும் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது எப்படிச் சரியாகும்?

எழுத்தறிவு அலைக்கு நடுவே, யாரும் பெரிதாகக் கவனிக்காத இன்னொன்று தொடங்கியது. அதுதான் முப்பது ஆண்டு நிலைத்தது. 1993 முதல் நடந்த தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டைச் சொல்கிறேன். மைய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவு அதற்கு இருந்தது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைத்துத் தோளில் சுமந்தது அறிவியல் இயக்கம். பத்திலிருந்து பதினேழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர வேண்டும். கூட ஒரு வழிகாட்டி ஆசிரியர். தங்கள் ஊரிலேயே ஒரு சிக்கலைப் பிடித்துச் சில மாதம் அளந்து, கேட்டு, குறித்து, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஆய்வைத் தாய்மொழியில் எழுதலாம், தமிழிலேயே மேடையில் சொல்லலாம். மாவட்டம், மாநிலம் கடந்து டிசம்பர் கடைசியில் தேசிய மாநாடு. நில வளம், ஆற்றல், வானிலையும் காலநிலையும் என்று இரண்டாண்டுக்கு ஒரு மையக்கருத்து. போட்டியைப் போலத் தெரியும் இதன் உள்ளே வேலை செய்தது வேறொன்று. ஆண்டுதோறும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும். அதைக் கருத்தாளர் நடத்துவார். அந்தக் கருத்தாளர் மூன்று நான்கு ஆண்டுக்கு முன் தானே வழிகாட்டி ஆசிரியராக இருந்தவர். கல்லூரிப் பேராசிரியர்கள் மதிப்பீட்டாளராக வருவார்கள். எட்டாம் வகுப்பு மாணவி தான் எடுத்த கிணற்று நீரின் கணக்கை அவர்கள் கேள்விக்கு முன்னால் நின்று காக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் அன்று பாடம் நடத்துபவர் அல்ல, ஆய்வை வழிநடத்தியவர். ஓர் இடைநிலை ஆசிரியருக்கு அந்த மதிப்பைத் தரும் நாற்காலி கல்வித்துறையில் வேறெங்கும் இல்லை. பதவி உயர்வு அவரைத் தலைமையாசிரியராக்கும், அதாவது பதிவேடுகளுக்குள் தள்ளும். குழு அவரை அறிவியலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு உயர்த்தியது. அறிவியல் கல்வியில் தலைமை என்பதற்கு இதைவிடத் தெளிவான வடிவம் எனக்குத் தெரியவில்லை.

இதைச் சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் அந்த முறையின் கூர்மை புரியும். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர்த்தாங்கி இருக்கிறது. மேல் மண்ணை அகற்றினால் அந்த அழுத்தம் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துவிடும். எனவே இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் நிலக்கரி வெட்ட முடியும். 1956ல் நிறுவனம் உருவாகி, 1957ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, 1961ல் நிலக்கரி கண்ணில் பட்டபோது, தொழில்நுட்ப வெற்றி என்று கொண்டாடியதில் பெரும் பங்கு இந்த நீரைக் கட்டுப்படுத்தியதற்குத்தான். ஒரு டன் நிலக்கரிக்குப் பல டன் நீர் மேலே வருகிறது. அது பரவனாற்றிலும் வாலாஜா ஏரியிலும் சேர்ந்து பாசனத்துக்கும் போகிறது. அதே நேரம் சுற்று வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறு ஆண்டுக்கு ஆண்டு கீழே போகிறது என்று விவசாயி சொல்கிறார். 2023 ஜூலையில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, சேத்தியாத்தோப்பை அடுத்த மேல்வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியபோது இந்த வாதம் நாடறிந்த செய்தியானது. சுரங்கத்துக்கும் கிணற்றுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு, கரும்புக்கும் நெல்லுக்கும் இறைக்கும் மோட்டார்களின் பங்கு எவ்வளவு என்பது கோஷத்தால் தீராத கேள்வி. ஒரே தெருவின் பத்துக் கிணறுகளை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளக்கும் பிள்ளைகள் அதற்கு விடை சொல்லிவிட மாட்டார்கள். ஆனால் விடை எப்படிப்பட்ட வேலையிலிருந்து வரும் என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள். ஊரில் யாரேனும் ஓர் எண்ணைச் சொன்னால், அதை எந்த மாதம், எந்தக் கிணற்றில் எடுத்தீர்கள் என்று கேட்கத் தெரிந்த தலைமுறை ஒன்று அங்கே தேவைப்படுகிறது. 1958ன் குழு அந்தப் பள்ளிக்குத் தராசு கொடுத்திருக்கும். 1993ன் குழு அந்தக் கயிற்றையும் குறிப்பேட்டையும் ஆசிரியர் கையில் கொடுத்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் முதலாவது பணம் பற்றியது. டெல்லியிலிருந்து நிதி வந்தது, அரசு அலுவலகம் மையக்கருத்தை முடிவு செய்தது, அப்படியிருக்க இதைத் தன்னார்வம் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்விதான். ஆனால் வந்த பணம் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் அச்சுக்கும் போனது. சனி ஞாயிறு பிள்ளைகளோடு ஆற்றங்கரைக்குப் போன ஆசிரியருக்கு அதில் கூலி கிடையாது. பணம் நின்றபோது என்ன ஆனது என்று பார்ப்பதே சரியான சோதனை. மத்தியப் பிரதேசத்தில் 1972ல் பதினாறு பள்ளிகளில் தொடங்கிய ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் இந்தியாவிலேயே மிகச் சிறந்தது என்று பலர் சொல்வார்கள். டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் அறிவியலாளர்கள் கிராமப் பள்ளிக்கு வந்து ஆசிரியர்களோடு உட்கார்ந்தார்கள். அர்விந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு குழாயையும் வைத்து வடிவியல் மாதிரிகள் செய்யத் தொடங்கியது அங்கேதான். பிள்ளைகள் ‘சவாலிராம்’ என்ற கற்பனை நண்பருக்குக் கேள்வி எழுதி அனுப்பினார்கள். 1978ல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்து, அரசின் பாடத்திட்டமாகவே ஆனது. அதனாலேயே 2002ல் அரசின் ஒரே உத்தரவில் அதை மூட முடிந்தது. அறிவியல் பரப்புதலுக்கென 1989ல் மைய அரசு தொடங்கிய விஞ்ஞான் பிரசாரும் 2023ல் மூடப்பட்டது. துளிரை மூட எந்த அலுவலகத்திலும் கோப்பு இல்லை. அரசின் உள்ளே முழுதாகப் போய்விடாமல், பள்ளியின் பக்கத்தில் நிற்கும் குழுவுக்கு வீச்சு குறைவு, ஆயுள் அதிகம். ஹோசங்காபாத் ஆழமாகச் செய்ததைத் தமிழ்நாட்டுக் குழுக்கள் செய்யவில்லை என்பதும் உண்மை. பாடநூலையும் தேர்வையும் அவர்கள் தொட முடியவில்லை. அந்த விலையைக் கொடுத்துத்தான் நீடித்தார்கள்.

இரண்டாவது எதிர்ப்பு அரசியல் சார்ந்தது. இந்த இயக்கங்களின் முன்னணியில் இடதுசாரிச் சிந்தனையுள்ளவர் அதிகம் என்பது மறைக்க வேண்டிய செய்தியில்லை. ஆனால் ஒரு குழுவின் சார்பை அளக்க அதன் மேடைப் பேச்சைவிட அதன் வேலையின் விதிகளைப் பார்ப்பது நல்லது. குழந்தைகள் மாநாட்டில் ஆய்வின் முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அளவு எப்படி எடுத்தாய் என்று மட்டுமே மதிப்பீட்டாளர் கேட்பார். அணுமின் நிலையத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே மாவட்டக் குழுவில் இருக்க முடிந்தது இதனால்தான். விதி தெளிவாக இருக்கும் வரை சார்பு அடங்கியிருக்கும். விதி தளரும் இடத்தில் எந்தக் கட்சிக்காரர் இருந்தாலும் ஆபத்துதான்.

மூன்றாவது எதிர்ப்பு எனக்கு உண்மையிலேயே கனமாகப் படுகிறது. அரசு செய்ய வேண்டியதை இலவச உழைப்பால் நிரப்புவது அரசைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகாதா? அறிவொளியிலும், 2021ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியிலும், சிறு ஊக்கத்தொகைக்கோ அதுவும் இல்லாமலோ உழைத்தவர்களில் பெண்களே மிகுதி. வேலை கிடைக்காத பட்டதாரிப் பெண்ணின் மாலை நேரத்தை நாடு மலிவாக வாங்கிக்கொள்கிறது என்று சொன்னால் மறுக்க முடியாது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கறாராகப் பேண வேண்டும். பிள்ளைக்கு அன்றாடப் பாடம் சொல்லித் தருவது சம்பளத்துக்குரிய வேலை. அதைத் தன்னார்வலர் தலையில் ஏற்றுவது தவறு. அந்த வேலையைச் செய்பவருக்குத் தோழமையும் சவாலும் மதிப்பும் தருவதுதான் தன்னார்வக் குழுவின் இடம். சக ஆசிரியரின் ஆய்வை உட்கார்ந்து கேட்டு, இது போதாது என்று சொல்வதற்கு எந்த ஊதியக் குழுவும் தொகை நிர்ணயிக்க முடியாது. குழந்தைகள் மாநாடு நிலைத்ததற்கும் அறிவொளி வடிந்ததற்கும் இந்த வேறுபாடும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஆசிரியர் பற்றாக்குறையை மறைக்கும் வேலை முன்னதில் யார் மீதும் விழவில்லை.

அறிவியல் ஆசிரியர் தனித்து நின்றால் என்ன ஆவார் என்பதைக் கடலூரில் தலைமையாசிரியராக இருந்த இரா.நடராசன் தம் ‘ஆயிஷா’ குறுநாவலில் எழுதினார். கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவியும், அவளைக் காக்க முடியாத அறிவியல் ஆசிரியையும் வரும் அந்தச் சிறுநூல் தமிழ்நாட்டு ஆசிரியர் கூட்டங்களில் பல பதிப்புகளாகக் கைமாறியது. பாடநூலோ கருவியோ இல்லாத குறையை அது பேசவில்லை. கேள்வியை வரவேற்கும் இன்னும் நாலு பெரியவர்கள் அந்தப் பள்ளியைச் சுற்றி இல்லாத குறையைப் பேசியது. அதே மாவட்டத்தில், நெய்வேலி நகரியத்தில் 1998 முதல் ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. பொறியாளர்களும் வேதியியலாளர்களும் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும் ஊர் அது. சேத்தியாத்தோப்பு, புவனகிரி, விருத்தாசலம் பக்கத்துப் பள்ளிகளுக்கு இத்தனை அருகில் இவ்வளவு அறிவியல் படித்தவர் இருப்பது தமிழ்நாட்டில் அரிது. ஆனால் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் அதன் நீர் இறைப்பைப் பற்றிப் பிள்ளைகளின் ஆய்வுக்கு மனம் திறந்து வழிகாட்ட முடியுமா என்று கேட்பார்கள். தனியாளாக முடியாமல் போகலாம். கல்லூரிப் பேராசிரியர், பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற பொறியாளர், நிலம் இழந்த குடும்பத்தின் பட்டதாரி, நெய்வேலியின் நிலவியலாளர் என்று கலந்த குழுவில், ஒருவர் சொல்லத் தயங்குவதை இன்னொருவர் கேட்பார். குழு என்ற வடிவத்துக்குத் தனிமனிதத் தலைமையைவிடக் கூடுதல் துணிவு இருப்பது இந்தக் கலப்பினால்தான்.

2022 நவம்பர் 28ல் திருச்சியில் முதலமைச்சர் தொடங்கிவைத்த வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குப் பரிசோதனைக் கருவிகளோடு கருத்தாளர்களை அனுப்பியது. பரிசோதனையை வகுப்புக்குள் கொண்டுவந்ததில் இந்த இயக்கங்களின் முப்பது ஆண்டு அனுபவம் தெரிகிறது. கருத்தாளர் என்ற சொல்லும் அங்கே புழங்கியதுதான். கவலை ஒன்றுண்டு. ஒரு கருத்தாளர் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார். அவர் வந்து போகும் நாளில் குடுவைகள் வெளியே வருகின்றன. அடுத்த முறை அவர் வருவதற்குள் அந்தப் பள்ளியின் சொந்த ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் திட்டத்தில் இடம் வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றித் தீர்மானம் போடும் அந்தக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளின் ஆய்வைக் கேட்க ஒரு மாலையை ஒதுக்கலாம். மதிப்பீட்டாளராகப் பக்கத்து ஊர் ஆசிரியர் வரலாம், நெய்வேலியிலிருந்து ஒருவர் வரலாம். வெள்ளாற்றங்கரைப் பள்ளி ஒன்று தன் கிணறுகளின் அளவை ஐந்தாண்டு தொடர்ந்து எழுதி வைத்தால், நிறுவனமும் விவசாயிகளும் எதிரெதிரே உட்காரும் கூட்டத்தில் அந்தக் குறிப்பேட்டை இரு தரப்பும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டிய நிலை வரும்.